ஒரு பரிசோதனையிலும் சிக்காத 34 பேருக்குத் தடை விழுந்தது எப்படி?

ஊசி போட்டுக்கொள்ளும்போது "இது என்ன மருந்து?" என்று கேட்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. காய்ச்சல் என்று போகிறோம், "ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர்" என்று நாமே கேட்கிறோம், பஞ்சால் தேய்த்துக்கொண்டே வெளியே வருகிறோம். நாலு நாள் கழித்து யாராவது மருந்தின் பெயரைக் கேட்டால் விழிப்போம். அதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகிவிடுவதில்லை. ஆனால் விளையாட்டையே தொழிலாகக் கொண்ட ஒருவர் அப்படி இருந்துவிட்டால் என்ன ஆகும்? மெல்போர்னில் உள்ள எசெண்டன் ஃபுட்பால் கிளப்பில் நடந்ததுதான் ஆகும்.

அந்த கிளப்பின் 34 வீரர்களுக்கு இரண்டாண்டுத் தடை விதிக்கப்பட்டது. அவர்களில் ஒருவருக்குக்கூட ஊக்கமருந்துப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று முடிவு வரவில்லை. முதல் தீர்ப்பில் எல்லோரும் விடுதலை ஆனார்கள், அடுத்த தீர்ப்பில் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். கேட்டவுடன் அநியாயமாகத்தான் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. விதிகளைப் பொறுமையாகப் படித்த பிறகு கோபம் போகவில்லை, ஆனால் வேறு ஆட்கள் மேல் திரும்பிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், இது மெஸ்ஸி ஆடும் கால்பந்து இல்லை. ஆஸ்திரேலியர்களுக்கென்றே உள்ள ஃபுட்பால். பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். மைதானத்தில் ஒரு பக்கத்துக்கு 18 பேர். பந்தைக் கையில் பிடித்து ஓடலாம், உதைக்கலாம், ஒரு கையில் வைத்து மறு கையால் குத்தி அனுப்பலாம். நாம் டிசம்பர் 26 அன்று டெஸ்ட் போட்டி பார்க்கும் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம் குளிர்காலம் முழுக்க இந்த ஆட்டத்துக்குத்தான். இதன் உச்ச லீக் ஏஎஃப்எல். அதில் 16 முறை சாம்பியன் ஆன பழம்பெரும் கிளப் எசெண்டன்: கறுப்புச் சட்டை, குறுக்கே சிவப்புப் பட்டை. கடைசியாகக் கோப்பை வென்றது 2000இல். அந்த அணியின் கேப்டன் ஜேம்ஸ் ஹர்ட், ரசிகர்கள் கொண்டாடிய மனிதர். 2011 சீசனில் அவரே பயிற்சியாளராகத் திரும்பி வந்தார்.

வீரர்களின் உடல் இன்னும் பலமாக வேண்டும், காயம் சீக்கிரம் ஆற வேண்டும் என்ற ஆசை எல்லா கிளப்புக்கும் உண்டு. எசெண்டன் அதற்காக 2011 கடைசியில் டீன் ராபின்சன் என்ற உடற்பயிற்சி நிபுணரையும், ஸ்டீபன் டாங்க் என்ற விளையாட்டு அறிவியலாளரையும் வேலைக்கு எடுத்தது. டாங்க் மருத்துவர் அல்ல. ஆனால் வீரர்களுக்கு ஊசி மூலம் 'சப்ளிமெண்ட்' கொடுக்கும் திட்டம் அவர் கைக்குப் போனது.

கிளப்பின் மருத்துவர் புரூஸ் ரீட் நீண்ட காலம் அங்கே பணியாற்றியவர். தன்னைக் கேட்காமலே வீரர்களுக்கு என்னென்னவோ கொடுக்கப்படுவதைக் கண்டு, கவலை தெரிவித்து 2012 ஜனவரியில் கிளப்புக்குக் கடிதமே எழுதினார். இந்தக் கதையில் எல்லாம் சரியாகிவிட்டிருக்கக்கூடிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன். மருத்துவர் கையை உயர்த்திவிட்டார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். திட்டம் தொடர்ந்தது.

அடுத்த மாதம் வீரர்களிடம் ஒப்புதல் படிவங்கள் வந்தன. அந்தப் படிவத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். 'தைமோசின்' என்று ஒரு பெயர். நோய் எதிர்ப்புச் சக்திக்கு உதவ என்று ஒரு காரணம். வாரம் ஒரு ஊசி வீதம் ஆறு வாரம், பிறகு மாதம் ஒன்று. இன்னொன்றில் 'ஏஓடி-9604', அதுவும் ஊசிதான். இவை அனைத்தும் உலக ஊக்கமருந்து தடுப்பு விதிகளுக்கு உட்பட்டவை என்று ஓர் உறுதிமொழி. கீழே வீரர் கையெழுத்து. டைசன் ஹெப்பெல் அப்போது 19 வயது இளைஞர். லீக்கில் ஓர் ஆண்டு மட்டுமே ஆடியவர். ரசிகர்கள் கொண்டாடிய நாயகர் பயிற்சியாளராக இருக்கும் கிளப் நீட்டும் தாளில் அந்த வயதில் யார் கேள்வி கேட்பார்கள்?

கேட்டிருக்க வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது.

ஊக்கமருந்து தடுப்புச் சட்டத்தின் அடித்தளக் கொள்கை ஒரே வரிதான்: உன் உடலுக்குள் போவதற்கு நீயே பொறுப்பு. தெரியாமல் எடுத்தேன், பயிற்சியாளர் கொடுத்தார், டப்பாவில் எழுதியிருக்கவில்லை, யாரோ கலந்துவிட்டார்கள் என்பதெல்லாம் தண்டனையின் அளவைக் குறைக்க உதவலாம். குற்றமே இல்லை என்று ஆக்கிவிடாது. திருட்டு வழக்கில் திருடும் எண்ணம் இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். இங்கே எண்ணத்தைப் பார்ப்பதில்லை, பொருள் உள்ளே போனதா என்பதை மட்டுமே பார்ப்பார்கள். இந்தியாவில் நம் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடாவும் இதே உலக விதித்தொகுப்பைத்தான் பின்பற்றுகிறது. ஆகவே மாநில அளவில் ஓடும் ஒரு கல்லூரி மாணவிக்கும் இதே சட்டம்தான்.

கொடூரமாக இருக்கிறதே என்று தோன்றலாம். மாற்றாக ஒன்றை யோசித்துப் பாருங்கள். 'எனக்குத் தெரியாது' என்ற ஒரு சொல் போதும் என்று விட்டால், மாட்டிக்கொள்ளும் அத்தனை பேரும் அதையே சொல்வார்கள். ஒருவர் மனதில் என்ன இருந்தது என்று வெளியிலிருந்து நிரூபிக்க வழியில்லை. அப்புறம் ஊக்கமருந்து எடுக்காமல் ஓடி நான்காவதாக வந்த அந்தப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது? இந்த விதி அவருக்காகத்தான் இவ்வளவு கடுமையாக இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடுதான்.

சரி, பொறுப்பு வீரருடையது. ஆனால் பரிசோதனையில் எதுவுமே வரவில்லையே?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். ஊக்கமருந்துக் குற்றம் என்றால் சிறுநீர்க் குப்பி, ஆய்வகம், பாசிட்டிவ் என்று மட்டுமே நினைத்துக்கொள்கிறோம். விதித்தொகுப்பில் அது பல வழிகளில் ஒன்று. தடைசெய்யப்பட்ட பொருளைப் பயன்படுத்தியதாக வேறு ஆதாரங்களால் நிறுவினாலே போதும். பயன்படுத்த முயன்றாலும், கையில் வைத்திருந்தாலும், மற்றவருக்குக் கொடுத்தாலும் குற்றம். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களை 2012இல் இழந்ததும் பெரும்பாலும் இப்படித்தான். அவருடன் ஓட்டிய சக வீரர்களின் சாட்சியம் அவரை வீழ்த்தியது.

எசெண்டனில் பரிசோதனை ஏன் உதவவில்லை என்பதற்கு அந்தப் பொருளே காரணம். பெப்டைடு என்பது அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சின்ன மாலை. நீளமாகக் கோத்தால் அது புரதம். 'தைமோசின் பீட்டா-4' 43 அமினோ அமிலங்கள் கொண்ட மாலை. நம் உடலே அதைச் சுரக்கிறது, திசுக்கள் சிதைந்தால் செப்பனிட உதவுகிறது. வெளியிலிருந்து ஊசியாகப் போட்டால் காயம் சீக்கிரம் ஆறும், அதனால் கூடுதலாகப் பயிற்சி செய்யலாம் என்பது கணக்கு. அது தடைப் பட்டியலில் உள்ள பொருள். ஆனால் உடலில் இயல்பாகவே இருப்பதால், இருப்பது உடல் சுரந்ததா ஊசியில் வந்ததா என்று நம்பகமாகப் பிரித்துச் சொல்லும் பரிசோதனை அன்று இல்லை.

இன்னொரு சிக்கல் பெயரில் இருந்தது. தைமோசின் என்பது குடும்பப் பெயர் மாதிரி. 'மேலத்தெரு வாத்தியார் வீட்டுப் பையன்' என்றால் மூத்தவனா இளையவனா என்று எப்படித் தெரியும்? படிவத்தில் தைமோசின் என்று மட்டும் இருந்தது. தைமோமாடுலின் என்ற பொருளுக்குத் தடை இல்லை. தைமோசின் பீட்டா-4க்குத் தடை உண்டு. தான் கொடுத்தது தைமோமாடுலின்தான் என்பது டாங்கின் வாதம். வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடியது.

ஏஓடி-9604 கதை வேறு. வளர்ச்சி ஹார்மோனின் ஒரு துண்டை வைத்து, உடல் பருமனுக்கு மருந்தாக மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது அது. மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி பெறாத எந்தப் பொருளும் விளையாட்டில் தடை என்று ஒரு பொதுவிதி இருக்கிறது. அதன்கீழ் இதுவும் தடைதான் என்று உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடா 2013 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. எனினும் கடைசியில் வீரர்கள் மேல் வழக்கு வந்தது தைமோசின் பீட்டா-4க்காக மட்டுமே.

இவ்வளவு ஊசி போட்டும் 2012 சீசனில் எசெண்டனுக்கு என்ன கிடைத்தது? முதல் ஒன்பது ஆட்டங்களில் எட்டு வெற்றி. அதன் பிறகு வரிசையாகத் தசைக் காயங்கள், வரிசையாகத் தோல்விகள். முடிவில் 11ஆம் இடம்.

முதலில் கிளப்புக்கு விழுந்த அடி

2013 பிப்ரவரி 5 அன்று எசெண்டன் தானே முன்வந்து, எங்கள் கிளப்பில் நடந்ததை விசாரியுங்கள் என்று ஏஎஃப்எல்லையும், ஆஸ்திரேலியாவின் அப்போதைய ஊக்கமருந்து தடுப்பு ஆணையமான அசாடாவையும் கேட்டுக்கொண்டது. இரண்டு நாள் கழித்து, விளையாட்டில் குற்றக் கும்பல்களும் மருந்துகளும் புழங்குவது பற்றி ஆஸ்திரேலியக் குற்றப் புலனாய்வு ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அசாடாவின் முன்னாள் தலைவர் ஒருவர் அந்த நாளை ஆஸ்திரேலிய விளையாட்டின் கறுப்பு நாள் என்றார். நாடே கொதித்தது.

மே மாதம் கிளப்பே நியமித்த சிக்கி சுவிட்கோவ்ஸ்கியின் அறிக்கை வந்தது. மருந்துகளை வைத்துச் சோதனை நடத்தும் இடம்போல் கிளப் ஆகியிருந்தது, அதைக் கட்டுப்படுத்தவோ கேள்வி கேட்கவோ பதிவு செய்யவோ யாரும் ஒழுங்காக முனையவில்லை என்பது அதன் சாரம். பதிவு செய்யவில்லை என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தலைமை நிர்வாகி ராஜினாமா செய்தார். ஜூலையில் கிளப் தலைவரும் போனார்.

ஆகஸ்ட் 27 அன்று ஏஎஃப்எல் தண்டனை அறிவித்தது. 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம், அதுவரை அந்த லீக் விதித்ததிலேயே பெரியது. ஹர்ட்டுக்கு 12 மாதம் இடைநீக்கம். புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முக்கியமான வாய்ப்புகள் பறிபோயின. புள்ளிப் பட்டியலில் ஏழாம் இடத்தில் இருந்த அணி ஒன்பதாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. அப்போது எட்டு அணிகளுக்குத்தான் இறுதிச் சுற்று. எசெண்டனின் இடத்தில் கார்ல்டன் உள்ளே போனது.

இந்தத் தண்டனை ஊக்கமருந்துக் குற்றத்துக்காக அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஆட்டத்தின் பெயரைக் கெடுத்ததற்காகவும் நிர்வாகத் தவறுக்காகவும் லீக் தன் கிளப்புக்குக் கொடுத்தது. வீரர்கள் தடைப்பொருள் எடுத்தார்களா என்பது தனி வழக்கு. அது அசாடாவின் கையில் இருந்தது. பத்திரிகைகளில் இரண்டும் ஒன்றாகக் கலந்துபோனதால், 'அதுதான் தண்டனை கொடுத்தாயிற்றே, மறுபடி எதற்கு?' என்று ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு வீட்டில் கேஸ் கசிந்து தீப்பிடித்தால், சிலிண்டரைச் சரியாக வைக்காததற்கு ஒரு விசாரணை, தீக்காயத்துக்கு ஒரு விசாரணை என்று வருமே, அப்படித்தான் இதுவும்.

2014 ஜூனில் 34 வீரர்களுக்கும் விளக்கம் கேட்டு அசாடா நோட்டீஸ் அனுப்பியது. ஹர்ட்டும் கிளப்பும் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். லீக்கும் அசாடாவும் சேர்ந்து விசாரணை நடத்தியதே சட்டவிரோதம் என்பது வாதம். ஒப்பந்தப்படி வீரர்களைப் பதில் சொல்ல வைக்கும் அதிகாரம் லீக்குக்கு இருந்தது, அந்த நேரத்தில் அசாடாவுக்கு இல்லை. லீக்கின் அந்த அதிகாரத்தை அசாடா இரவல் வாங்கிக்கொண்டது என்று குற்றம்சாட்டினார்கள். செப்டம்பரில் நீதிபதி மிடில்டன் அதைத் தள்ளுபடி செய்தார். ஹர்ட்டின் மேல்முறையீடும் 2015 ஜனவரியில் தோற்றது.

சங்கிலியா, வடமா?

இப்போது இந்த வழக்கின் நடுப்பகுதிக்கு வருகிறோம். ஒரே ஆதாரங்களை வைத்துக்கொண்டு இரண்டு தீர்ப்பாயங்கள் நேர் எதிரான முடிவுக்கு எப்படி வந்தன?

முதலில் அளவுகோல். கொலை வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சொத்து வழக்கில் இரண்டு பக்கத்தில் யார் சொல்வது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும். ஊக்கமருந்து வழக்கு இவை இரண்டுக்கும் நடுவில். குற்றச்சாட்டின் கனத்தை மனதில் வைத்து, தீர்ப்பாயத்தின் மனம் நிம்மதியாக ஒப்பும் அளவுக்கு ஆதாரம் வேண்டும். 'நிம்மதியாக' என்பதற்குத் தராசு கிடையாது. ஒருவர் மனம் ஒப்பும் இடத்தில் இன்னொருவர் மனம் ஒப்பாமல் போகலாம்.

2015 மார்ச் 31 அன்று ஏஎஃப்எல்லின் ஊக்கமருந்து தடுப்புத் தீர்ப்பாயம் தன் மனம் அப்படி ஒப்பவில்லை என்றது. 34 பேரும் விடுதலை. அசாடா தன் வழக்கை ஒரு சங்கிலியாகக் கோத்திருந்தது: சீனாவிலிருந்து மூலப்பொருள் வாங்கப்பட்டது, அது மெல்போர்னில் ஒரு மருந்தாளரிடம் வந்தது, அவரிடமிருந்து டாங்கிடம் போனது, டாங்கிடமிருந்து வீரர்களின் உடலுக்குள் போனது. இதற்கு வேண்டிய இரண்டு முக்கிய சாட்சிகள் தீர்ப்பாயத்தின் முன் வந்து சொல்ல மறுத்துவிட்டார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்த விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றமும் மறுத்தது. ஒரு கண்ணி விட்டால் சங்கிலி முழுவதும் அறுந்த மாதிரிதானே?

வாடா மேல்முறையீடு செய்தது. சுவிட்சர்லாந்தின் லொசானைத் தலைமையிடமாகக் கொண்ட விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் 2015 நவம்பரில் சிட்னியில் வழக்கை முதலிலிருந்து புதிதாகக் கேட்டது. அங்கே வாடா சங்கிலியைக் கைவிட்டு வேறு உவமையோடு வந்தது: ஆதாரங்களைக் கயிற்றின் புரிகளாகப் பாருங்கள்.

நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை, தேர் வடம் தெரியும். எத்தனையோ புரிகளை முறுக்கிச் செய்த கயிறு அது. ஒரு புரி நைந்திருக்கும், இன்னொன்று அறுந்தேகூட இருக்கும். எந்த ஒரு புரியாலும் தனியாகத் தேரை அசைக்க முடியாது. சேர்ந்தால் தேர் நகரும். படிவத்தில் இருந்த தைமோசின் என்ற பெயர், கைப்பேசிக் குறுஞ்செய்திகள், மருந்து தயாரித்த இடத்துத் தடயங்கள், டாங்க் ஒரு பத்திரிகையாளரிடம் பேசியது, ஊசி போட்டுக்கொண்டதாக வீரர்களே விசாரணையில் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று விளக்கம் சொல்லிவிடலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மாற்று விளக்கம் சொல்ல முடியவில்லை.

அப்புறம் ஒரு புரி, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் வலியது. ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு மாதிரி கொடுக்கும்போது ஒரு படிவம் நிரப்ப வேண்டும். சமீபத்தில் எடுத்த மருந்து, வைட்டமின், சப்ளிமெண்ட் எல்லாவற்றையும் அதில் எழுதச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் எசெண்டன் வீரர்கள் பலர் பரிசோதிக்கப்பட்டார்கள். தைமோசின் ஊசியை ஒருவர்கூட எழுதவில்லை. மறைத்தார்களா, முக்கியம் இல்லை என்று நினைத்தார்களா, வெளியே சொல்லாதே என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்ததா? எதுவாக இருந்தாலும் 34 பேரில் யாராவது சிலர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால், வெளிப்படையாக இருந்தோம் என்று காட்ட அவர்கள் கையில் ஒரு தாள் இருந்திருக்கும்.

2016 ஜனவரி 12, மெல்போர்னில் கோடைக்காலம், அணிகள் புதிய சீசனுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். தீர்ப்பு வந்தது. 34 பேரும் குற்றவாளிகள். இரண்டாண்டுத் தடை. இடைக்காலத் தடையில் ஏற்கெனவே ஒதுங்கியிருந்த காலத்தையும் கணக்கில் எடுத்து முன்தேதியிட்டதால், நடைமுறையில் 2016 சீசன் முழுவதும் போயிற்று. எங்கள் தவறு பெரிதல்ல, தண்டனையைக் குறையுங்கள் என்ற வேண்டுகோளும் எடுபடவில்லை. கிளப்பின் மருத்துவரிடம் யாரும் கேட்கவில்லை, சொந்தமாகவும் போதுமான அளவு விசாரிக்கவில்லை என்று தீர்ப்பாயம் சுட்டிக்காட்டியது. அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சி நீதிமன்றமும் வீரர்களின் முறையீட்டைத் தள்ளிவிட்டது.

தெறித்த துண்டுகள்

34 பேரில் 12 பேர்தான் அப்போதும் எசெண்டனில் இருந்தார்கள். ஐந்து பேர் வேறு ஏஎஃப்எல் அணிகளுக்குப் போயிருந்தார்கள். இதனால் போர்ட் அடிலெய்ட், செயின்ட் கில்டா, மெல்போர்ன், வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்று இந்தத் திட்டத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத அணிகளும் தங்கள் வீரர்களை இழந்தன.

அதில் ஸ்டீவர்ட் கிராமெரியின் கதை மனதை விட்டுப் போகவில்லை. 2013 முடிந்ததும் எசெண்டனிலிருந்து புல்டாக்ஸுக்கு மாறியவர். புல்டாக்ஸ் 1954க்குப் பிறகு கோப்பையைத் தொட்டதே இல்லை. தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்த ரசிகர்கள். அந்த அணி 2016 அக்டோபர் 1 அன்று சிட்னி ஸ்வான்ஸை வீழ்த்தி சாம்பியன் ஆனது. 62 ஆண்டுக் கனவு. அந்த ஒரே ஒரு சீசனில்தான் கிராமெரிக்குத் தடை.

எசெண்டனின் கேப்டன் ஜோப் வாட்சன். அவருடைய அப்பா டிம் வாட்சனும் அதே கிளப்பின் பெரிய ஆட்டக்காரர். ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவர்கள் மூன்று, இரண்டு, ஒன்று என்று சிறந்த வீரர்களுக்கு வாக்களிப்பார்கள். சீசன் முழுவதும் கூட்டிப் பார்த்து, விதிமீறல் இல்லாமல் சிறப்பாக ஆடியவருக்கு பிரௌன்லோ பதக்கம் தருவார்கள். அந்த ஆட்டத்தில் ஒரு தனி வீரருக்கு அதைவிடப் பெரிய கௌரவம் இல்லை. 2012இல் 30 வாக்குகளோடு வாட்சன் அதை வென்றார். 2013 ஜூனில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், எனக்குக் கொடுத்தது ஏஓடி-9604 என்றுதான் நம்புகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதன் பிறகு பெர்த்தில் ஆடப் போனபோது எதிரணி ரசிகர்கள் அவரைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். உண்மையைச் சொன்ன ஒருவரை ஊரே ஏளனம் செய்ததைப் படிக்கும்போது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

தடைக் காலத்தில் வாட்சன் நியூயார்க் போய் ஒரு காபிக் கடையில் வேலை பார்த்தார். 2016 நவம்பரில் பதக்கத்தைத் தானே திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார். 2012இல் 26 வாக்குகளோடு அடுத்த இடத்தில் இருந்த சாம் மிட்செலுக்கும் டிரென்ட் காட்சினுக்கும் அது போனது. 2017இல் ஒரு சீசன் திரும்பி வந்து ஆடிவிட்டு வாட்சன் ஓய்வு பெற்றார்.

ஆட்களே இல்லாத எசெண்டன் 2016இல் எப்படி ஆடியது? பத்து பேர் வரை தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ள லீக் அனுமதித்தது. ஓய்வு பெற்றவர்கள், மற்ற கிளப்புகள் விடுவித்தவர்கள் எல்லாம் வந்தார்கள். ஜீலாங் அணியில் மூன்று கோப்பை வென்ற ஜேம்ஸ் கெல்லியும் அவர்களில் ஒருவர். இரண்டாவது சுற்றில் மெல்போர்னை வென்றபோது எசெண்டன் ரசிகர்கள் கோப்பையே கிடைத்த மாதிரி கொண்டாடினார்கள். 22 ஆட்டங்களில் மொத்தம் மூன்றே வெற்றி. 1933க்குப் பிறகு முதல் முறையாகக் கடைசி இடம். கடைசி இடத்துக்கு டிராஃப்டில் முதல் தேர்வு என்பது அந்த லீக்கின் வழக்கம். அப்படிக் கிடைத்த இளைஞர்தான் ஆண்ட்ரூ மெக்ராத்.

ஹர்ட் 2015 ஆகஸ்டில் பதவி விலகினார். டாங்குக்கு ஆயுள் தடை. கிளப் மேல் இன்னொரு வழக்கும் வந்தது. செய்திகளில் அது சின்ன இடம்தான் பிடித்தது, எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. விக்டோரியா மாநிலத்தின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஒர்க்சேஃப், பாதுகாப்பான வேலைச்சூழலைத் தரவில்லை என்று எசெண்டன் மேல் குற்றம் சாட்டியது. கிளப் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2016 ஜனவரியில் நீதிமன்றம் இரண்டு லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அந்த வழக்கில் மட்டும்தான் அந்த 34 பேர் தொழிலாளிகளாகப் பார்க்கப்பட்டார்கள். மற்ற எல்லா இடத்திலும் அவர்கள் தங்கள் உடலுக்குத் தாங்களே பொறுப்பான விளையாட்டு வீரர்கள். ஆலையில் ஒருவர் கையில் ரசாயனத்தைக் கொடுத்துக் கலக்கச் சொன்னால் அது என்ன ரசாயனம் என்று எழுதி வைப்பது முதலாளியின் கடமை. ஊசிக்கும் அதே கடமைதான் என்று ஒரு நீதிமன்றம் சொன்னது ஆறுதலாக இருந்தது. பின்னர் கிளப் வீரர்களோடு இழப்பீட்டு உடன்பாடு செய்துகொண்டது.

என் கோபம் திரும்பிய இடம் இதுதான். வீரர்கள் கேட்காமல் விட்டது தவறு, விதிப்படி தண்டனையும் சரி. ஆனால் கேட்டிருந்தாலும் சரியான பதில் கிடைத்திருக்குமா? கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால்கூட அட்டையில் தேதி போட்டு, பெயர் எழுதித் தருகிறார்கள். கோடிக்கணக்கில் பணம் புழங்கும் ஒரு கிளப்பில் அந்த அட்டை இல்லை. தங்கள் உடலில் என்ன போனது, நாளை அதனால் ஏதாவது வருமா என்று வீரர்கள் கேட்டபோது, விசாரணைகளாலும் வழக்குகளாலும் அவர்களுக்கு உறுதியான பதில் தர முடியவில்லை. ஒப்புதல் படிவங்கள் கிடைத்தன, ஒவ்வொன்றிலும் கையெழுத்து இருந்தது. யாருக்கு, எந்த நாளில், எந்தக் குப்பியிலிருந்து என்று எழுதிய முழுமையான பதிவேடு மட்டும் கிடைக்கவே இல்லை.